‘பிஎன்ஜி... நோ’ – ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கதை

மூலநிரலை இறக்கி நம்ம கணினியிலேயே கட்டி எடுக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு இந்தக் காட்சி தெரிஞ்சிருக்கும். கான்ஃபிகர்னு அடிச்சு என்டர் தட்டினா திரையில் வரிவரியா ஓடும். இது இருக்கா? எஸ். அது இருக்கா? எஸ். இப்படி இருநூறு வரி. நடுவில் எங்கோ ‘பிஎன்ஜி... நோ’ என்று ஒரு வரி வந்து, மேலே ஏறி மறைந்துவிடும். பிழை எதுவும் வராது. கான்ஃபிகர் முடியும், மேக் முடியும், இன்ஸ்டாலும் முடியும். அப்புறம் ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால்தான் மென்பொருள் கையை விரிக்கும்.

இப்படிக் காணாமல் போகிற பெயர்களைக் கவனிச்சுப் பாருங்க. பிஎன்ஜி, ஜேபெக், டிஃப், ஃப்ரீடைப், கெய்ரோ, பாங்கோ. எப்பவும் இதே ஆட்கள்தான். கணக்குப் போடும் நூலகமோ, கோப்பைத் திறக்கும் நூலகமோ இவ்வளவு தொல்லை கொடுப்பதில்லை. படமும் எழுத்தும் சம்பந்தப்பட்டவை மட்டும் ஏன் இப்படித் தனித்தனி மூட்டையாகக் கிடக்கின்றன? இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். நடுவில் ஒரு தமிழ்ப் புத்தக வேலை வந்து சேர்ந்ததால், அதையே பிடித்துக்கொண்டு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இங்கே கே.கே. நகரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தமிழில் ஆய்வு செய்யும் ஒரு பெண் இருக்கிறார். கையில் ஒரு பழைய மடிக்கணினி, அதில் உபுண்டு 16.04. ஸ்ரீரங்கத்தில் அச்சான ஒரு பழைய புத்தகத்தின் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருந்தார். முந்நூறு பக்கத்துக்குக் கிட்ட. அதை உரையாக மாற்ற வேண்டும். ஸ்ரீரங்கம் என்றால் கோயில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அச்சு வரலாற்றில் அந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. ஆதிசங்கரரின் நூல்களை 20 தொகுதிகளாக 1910 வாக்கில் கொண்டுவந்த ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம் அங்கேதான் இருந்தது. அந்தக் காலத்து ஈய எழுத்தின் அழகைப் பற்றியே தனியாக ஒரு பதிவு போடலாம். இப்போ வேண்டாம்.

படத்திலிருந்து எழுத்தைப் படிக்க டெஸராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. எச்.பி. நிறுவனத்தில் 1980-களின் நடுவில் தொடங்கி, 1994-ல் நிறுத்தப்பட்டு, 2005-ல் மூலநிரலோடு வெளியே விடப்பட்டது. 2006-லிருந்து கூகுள் அதை வளர்த்தது. 2018 அக்டோபரில் வந்த 4-ஆம் பதிப்பு நரம்பு வலையமைப்புக்கு மாறியது. தமிழுக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் உபுண்டு 16.04-ல் பொட்டலமாகக் கிடைப்பது 3.04 தான். சரி, 4-ஐ நாமே கட்டுவோம் என்று போனால், அதற்கு லெப்டோனிகா என்கிற பட நூலகம் குறைந்தது 1.74 வேண்டும். 16.04-ல் இருப்பது 1.73. ஆக, லெப்டோனிகாவையும் மூலத்திலிருந்தே கட்ட வேண்டும். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் துணி முழுக்க வருகிற கதை.

அவர் எல்லாவற்றையும் கட்டிவிட்டு போன் பண்ணினார். “அண்ணா, இன்ஸ்டால் ஆயிடுச்சு. ஆனா எந்தப் பக்கத்தைக் குடுத்தாலும் படிக்க மாட்டேங்குது. ஃபங்ஷன் இல்லைன்னு சொல்லுது.”

“டெஸராக்ட்டுக்கு வெர்ஷன் ஆப்ஷன் போட்டுப் பாரும்மா. ரெண்டாவது வரிக்குக் கீழ என்னென்ன பேர் வருதுன்னு படி.”

“லெப்டோனிகா இருக்கு... அதுக்குக் கீழ இசட்லிப் மட்டும் இருக்கு.”

அவ்வளவுதான் நோய். டெஸராக்ட் தன் பதிப்பைச் சொல்லும்போது, லெப்டோனிகா எந்தெந்தப் பட நூலகங்களோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும். லிப்ஜேபெக், லிப்பிஎன்ஜி, லிப்டிஃப் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் லெப்டோனிகா கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், லெப்டோனிகாவின் மூலநிரலைத் திறந்தால் பிஎன்ஜி வேலைக்கு இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று உண்மையிலேயே பிஎன்ஜி படத்தைப் படிக்கும். இன்னொன்று ‘ஸ்டப்’. அதில் அதே பெயர்களில் ஃபங்ஷன்கள் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ‘நான் இல்லை’ என்று சொல்லித் திரும்பி வருவதைத் தவிர எதுவும் செய்யாது. கட்டும்போது லிப்பிஎன்ஜி கிடைத்தால் முதலாவது உயிர் பெறும். கிடைக்காவிட்டால் இரண்டாவது. அதனால்தான் பிழையே இல்லாமல் கட்டி முடிகிறது. ஒரு குட்டிக் கருவிக்குள் வைத்துக் கட்டுகிறவருக்கு டிஃப் மட்டும் போதும் என்றால் பிஎன்ஜியை ஏன் சுமக்க வேண்டும்? அந்த நியாயத்தில் செய்த ஏற்பாடு. நியாயம் சரிதான். ஆனால் என்னைக் கேட்டால், பாதியில் நின்று கத்துகிற பிழையைவிட, வாயை மூடிக்கொண்டு போகிற இந்த ‘நோ’தான் ஆபத்து.

“ஆனா லிப்பிஎன்ஜி என் லேப்டாப்ல இருக்கே அண்ணா, படமெல்லாம் தெறக்குதே?” என்று அடுத்த கேள்வி வந்தது. எல்லோரும் கேட்கிற கேள்வி. இருக்கிறதுதான். ஓடுவதற்கான பாதி மட்டும் இருக்கிறது. ஒரு நூலகத்தைப் பயன்படுத்தும் மென்பொருள் ஓடுவதற்கு, ஏற்கெனவே தொகுக்கப்பட்ட கோப்பு போதும். அந்த நூலகத்தை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும் என்றால், அதில் என்னென்ன ஃபங்ஷன், எதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று விவரம் சொல்லும் ஹெடர் கோப்புகள் வேண்டும். டெபியனும் அதன் வழிவந்த உபுண்டுவும் இவற்றை ‘டெவ்’ என்று முடியும் தனிப் பொட்டலத்தில் வைக்கும். ஃபெடோரா வகையறாவில் ‘டெவல்’. படம் பார்ப்பவருக்கு ஹெடர் எதற்கு, இடம்தான் வீண் என்பது ஒரு காரணம். ஒரே நூலகத்தின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஓடுவதற்கு மட்டும் அடுத்தடுத்து இருக்கலாம் என்பது இன்னொரு வசதி.

இப்போ பழைய கேள்விக்கு வருவோம். படத்துக்கு ஏன் இத்தனை நூலகம்?

முதலில் வந்தது டிஃப். 1986-ல் ஆல்டஸ் நிறுவனம் ஸ்கேனர்களுக்காக வகுத்த வடிவம். அதற்கு சாம் லெஃப்லர் 1988-ல் எழுதத் தொடங்கியதுதான் லிப்டிஃப். அடுத்து ஜேபெக். டாம் லேன் தலைமையில் ஒரு தன்னார்வக் குழு 1991 அக்டோபரில் லிப்ஜேபெக்கின் முதல் பதிப்பை இலவசமாக வெளியிட்டது. (இதே டாம் லேன்தான் பிற்பாடு போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் முக்கியத் தூண்களில் ஒருவர் ஆனார்.) ஒரு வடிவம், அதற்கு ஒரு நூலகம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னக் கூட்டம். இந்த வழக்கம் இங்கேயே உருவாகிவிட்டது.

பிஎன்ஜியின் பிறப்பு இதைவிடச் சுவாரஸ்யமானது. அதைப் பெற்றெடுத்தது ஒரு காப்புரிமைச் சண்டை.

கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-ல் ஜிஃப் வடிவத்தைக் கொண்டுவந்தது. அதற்குள் இருக்கும் சுருக்கும் முறையின் பெயர் எல்இசட்டபிள்யூ. டெரி வெல்ச் 1984-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டிருந்தார். கட்டுரையைப் படித்தவர்கள் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் அவர் வேலை பார்த்த ஸ்பெர்ரி நிறுவனம் 1983 ஜூனிலேயே அதற்குக் காப்புரிமை கேட்டு, 1985-ல் வாங்கியும் விட்டது. ஸ்பெர்ரி 1986-ல் பரோஸோடு சேர்ந்து யூனிசிஸ் ஆனது. 1994 டிசம்பர் கடைசியில், எல்லோரும் புத்தாண்டு விடுமுறையில் இருந்தபோது, ஜிஃப் பயன்படுத்தும் மென்பொருள் எழுதுகிறவர்கள் உரிமக் கட்டணம் தர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஏழு வருஷம் ஊரெல்லாம் பயன்படுத்திய பிறகு!

கோபம் அடங்குவதற்குள்ளேயே, 1995 ஜனவரி 4 அன்று தாமஸ் பூடெல் என்பவர் யூஸ்நெட் குழுவில் மாற்று வடிவம் ஒன்றுக்கு முன்வரைவு போட்டார். அதுதான் வளர்ந்து பிஎன்ஜி ஆயிற்று. காப்புரிமைச் சிக்கல் இல்லாத சுருக்கும் முறை வேண்டுமே? ஷான்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் சேர்ந்து இசட்லிப் எழுதினார்கள். 1995 மே மாதம் முதல் வெளியீடு. அதன் மேல் கை ஷால்நாட் லிப்பிஎன்ஜியை எழுதினார். 1996 அக்டோபரில் பிஎன்ஜி வலைத் தரமாக ஏற்கப்பட்டது. இன்றைக்கு லிப்பிஎன்ஜியைக் கட்டப் போனால் முதலில் இசட்லிப்பைக் கேட்கிறதே, அந்தக் கேள்வி இந்த வரலாற்றிலிருந்து வருகிறது.

அந்தச் சண்டையின் தழும்பு மற்ற நூலகங்களிலும் பதிந்தது. லிப்டிஃப்பிலிருந்து எல்இசட்டபிள்யூ சுருக்கும் பகுதியை எடுத்துவிட்டு, வேண்டுகிறவர்கள் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். பூடெலே எழுதிய ஜிடி நூலகம் 1999-ல் ஜிஃப்பைக் கைவிட்டு, காப்புரிமை முடிந்த பிறகு 2004-ல்தான் திரும்பச் சேர்த்தது. கான்ஃபிகர் பண்ணும்போது ‘இதோடு’, ‘இது இல்லாமல்’ என்று நீளமாக வருகிற தேர்வுகளில் சில, ஒரு காலத்தில் வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து பிறந்தவை.

லிப்பிஎன்ஜி கதை அதோடு முடியவில்லை. பல வருஷம் எல்லாக் கணினியிலும் இருந்தது 1.2 பதிப்பு. படத்தின் அகலம், உயரம் போன்ற விவரங்களை அதன் உள்கட்டமைப்புக்குள் நேரடியாகக் கைவிட்டு எடுப்பது எல்லோருக்கும் பழக்கம். 2011-ல் வந்த 1.5 அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இனிமேல் ஃபங்ஷன் மூலமாகத்தான் கேட்க வேண்டும். நல்ல முடிவு. ஆனால் கைவிட்டே பழகிய நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் கட்டமுடியாமல் நின்றன. உபுண்டுவில் 16.04 வரைக்கும் 1.2-தான் ஓடியது. அதற்கு அடுத்த வெளியீட்டில் 1.6-க்கு மாறினார்கள். ‘லிப்பிஎன்ஜி12 கிடைக்கவில்லை’ என்று இன்றைக்கும் பழைய மென்பொருள் எதையாவது ஓட்டும்போது வருகிற புலம்பல் அந்த மாற்றத்தின் மிச்சம். அதற்கு மருந்தாக 1.6 கோப்புக்கு 1.2 என்று பெயர் மாற்றி இணைப்புப் போடச் சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பெயர் மட்டும்தான் மாறும், உள்ளே அமைப்பு வேறு. எங்கே சரியும் என்று சொல்ல முடியாது.

நம்ம கதைக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. மூன்று ‘டெவ்’ பொட்டலங்களைப் போட்டுவிட்டு, லெப்டோனிகாவின் பழைய கட்டுமானத்தை முழுக்கத் துடைத்துவிட்டு, திரும்ப கான்ஃபிகர் பண்ணச் சொன்னேன். துடைப்பது முக்கியம். முன்னால் எடுத்த முடிவுகள் கோப்புகளில் உட்கார்ந்திருக்கும். லெப்டோனிகா முடிந்ததும் எல்டிகான்ஃபிக் ஓட்ட வேண்டும். அப்போதுதான் கணினி புது நூலகத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது. பழைய 1.73-ம் இதே கணினியில் கிடக்கிறது. இரண்டும் ஒரே பெயர், லிப்லெப்ட் 5. டெஸராக்ட் எதைப் பிடித்திருக்கிறது என்பதை எல்டிடி கட்டளை முழுப் பாதையோடு காட்டிவிடும். ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ என்று வந்தால் புதுசு. வந்தது. படம் திறந்தது.

படித்ததா? இங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது.

பக்கங்களில் மலை, மணலை, துணை போன்ற சொற்கள் வருகிற இடமெல்லாம் குப்பை. காரணம், அது 1978-க்கு முந்தைய புத்தகம். நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குக்கூட யானைத் துதிக்கை போட்ட பழைய லை, ணை, னை, ளை தாத்தா வீட்டுப் புத்தகங்களில் பார்த்த ஞாபகமாகத்தான் இருக்கும். கீழே சுழித்து எழுதும் ணா, றா, னாவும் அப்படியே. பெரியார் 1935-லிருந்தே குடி அரசில் இவற்றை மாற்றி அச்சிட்டுக் காட்டினார். எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணை போட்டு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. நல்ல மாற்றம், அச்சுக்கும் தட்டச்சுக்கும் பெரிய விடுதலை. ஆனால் அதற்கு முந்தைய எல்லா அச்சும், அதாவது தமிழ் அச்சு வரலாற்றின் பெரும்பகுதி, பழைய வடிவத்தில்தான் இருக்கிறது. இன்றைய எழுத்துருக்களைப் பார்த்துப் பழகிய இயந்திரத்துக்கு அது அந்நிய லிபி.

பழக்கிக் கொடுக்கலாம். டெஸராக்ட்டோடு பயிற்சிக் கருவிகள் உண்டு. நாம் ஒரு தமிழ் உரையையும் பழைய வடிவங்கள் உள்ள ஓர் எழுத்துருவையும் கொடுத்தால், ‘டெக்ஸ்ட்2இமேஜ்’ என்ற கருவி அந்த உரையைப் படமாக வரையும். அந்தப் படத்தையும் மூல உரையையும் ஒப்பிட்டு இயந்திரம் கற்றுக்கொள்ளும். படிக்கக் கற்க வேண்டுமானால் முதலில் எழுதிக் காட்ட வேண்டும் என்கிறது. நம்ம திண்ணைப் பள்ளிக்கூட மணல் மாதிரி.

பயிற்சிக் கருவிகளைக் கட்டப் போனால், டெஸராக்ட்டின் கான்ஃபிகர் கடைசியில் ஒரு வரி: சார்ந்த நூலகம் இல்லாததால் பயிற்சிக் கருவிகளைக் கட்ட முடியாது. இதுவும் பிழை இல்லை, தகவல்தான். வேண்டியவை மூன்று: ஐசியு, பாங்கோ, கெய்ரோ.

ஏன் வெறும் ஃப்ரீடைப் போதாது? டேவிட் டர்னர் 1996-ல் தொடங்கிய ஃப்ரீடைப், எழுத்துருக் கோப்பிலிருந்து ஒரு வடிவத்தை எடுத்துப் புள்ளிகளாக வரைந்து தரும். ஆங்கிலத்துக்கு ஏறக்குறைய அதுவே போதும். தமிழுக்கு? நம்ம ஊர்ப் ‘பொன்மலை’யையே எடுத்துக்குவோம். யூனிகோடில் அது ப, பிறகு ஒகரக் குறி, பிறகு ன, புள்ளி, ம, ல, ஐகாரக் குறி. ஒகரக் குறி சேமிப்பில் ப-வுக்குப் பின்னால் ஒற்றைக் குறியாக இருக்கும். திரையில் அது இரண்டாகப் பிளந்து, கொம்பு ப-வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். ஐகாரக் குறி ல-வுக்கு முன்னால் வர வேண்டும். பழைய எழுத்துருவாக இருந்தால் அதுவும் இல்லை. ல-வும் ஐகாரமும் சேர்ந்து துதிக்கை வைத்த ஒரே வடிவமாக மாற வேண்டும். யூனிகோடில் பழைய லைக்குத் தனி இடம் கிடையாது. புதுசும் பழசும் ஒரே எண்கள்தான், வித்தியாசம் முழுக்க எழுத்துருவுக்குள். அதைப் படித்து இந்த மாற்றங்களைச் செய்ய ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஹார்ஃப்பஸ். பாரசீகப் பெயர். எழுதியவர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற ஈரானியர். ஃப்ரீடைப்பிலிருந்து பிரிந்த பழைய நிரலைத் திரட்டி, பிறகு அடியோடு திரும்ப எழுதினார். இன்றைக்கு ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபீஸ் எல்லாவற்றிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்குப் பின்னால் இவர் நிரல் இருக்கிறது. ஹார்ஃப்பஸுக்கு மேலே பாங்கோ. வரி பிரிப்பது, எழுத்துரு தேடுவது அதன் வேலை. கிரேக்கத்தில் ‘எல்லாம்’ என்ற சொல்லையும் ஜப்பானியத்தில் ‘மொழி’ என்ற சொல்லையும் ஒட்டி வைத்த பெயர். 2012-லிருந்து பாங்கோ எழுத்தமைப்புக்கு ஹார்ஃப்பஸையே நம்புகிறது. கடைசியாகப் படமாக வரைவது கெய்ரோ.

இவற்றையும் மூலத்திலிருந்தே கட்டுகிறேன் என்று கிளம்பும் வீரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஹார்ஃப்பஸ் ஃப்ரீடைப்பைக் கேட்கும். ஃப்ரீடைப் தன் தானியங்கித் திருத்தத்துக்கு ஹார்ஃப்பஸைக் கேட்கும். கோழியா முட்டையா கதைதான். வழி இது: முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாமல் ஃப்ரீடைப், அப்புறம் ஹார்ஃப்பஸ், அப்புறம் ஃப்ரீடைப் இன்னொரு தடவை. பாங்கோவின் புதிய பதிப்புகள் ஃபிரிபிடியையும் கேட்கும். அது வலமிருந்து இடமாக எழுதும் அரபி, எபிரேய மொழிகளுக்கானது. தமிழுக்கு ஒரு பைசாப் பிரயோஜனம் இல்லை, ஆனாலும் வாசலில் நின்று சீட்டுக் கேட்கும். எங்களுக்கு இந்த வம்பு தேவைப்படவில்லை. உபுண்டுவின் ‘டெவ்’ பொட்டலங்களே போதுமான பதிப்பில் இருந்தன.

எது இருக்கிறது, எது இல்லை என்பதை கான்ஃபிகரின் இருநூறு வரியில் தேடுவதைவிட, பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் பாங்கோ எந்தப் பதிப்பு, கெய்ரோ எந்தப் பதிப்பு என்று நேரே கேட்டுவிடலாம். அது எண்ணைச் சொன்னால் கட்டுவதற்கான பாதியும் இருக்கிறது. ‘தெரியாது’ என்றால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும். ஒன்று, ‘டெவ்’ பொட்டலம் இல்லை. இரண்டு, நாமே கட்டி யூஎஸ்ஆர் லோக்கலில் வைத்தது அதன் தேடுபாதையில் இல்லை. அப்படியும் புரியாவிட்டால் கான்ஃபிக் டாட் லாக் கோப்பைத் திறந்து, நூலகத்தின் பெயரைத் தேடுங்க. எந்தச் சோதனை நிரல் எதனால் தோற்றது என்று முழுதாக எழுதியிருக்கும். நீளமான கோப்புதான், ஆனால் பொய் சொல்லாது.

பயிற்சிக் கருவிகள் கட்டி முடிந்த அன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பேட்டரி போன மடிக்கணினி என்பதால் பயிற்சியே மறுநாள்தான் ஓடியது. பயிற்சிக்கு ‘பெஸ்ட்’ என்ற வகைத் தமிழ்த் தரவைத்தான் எடுக்க வேண்டும். வேகத்துக்காகச் சுருக்கிய ‘ஃபாஸ்ட்’ வகைக்கு மேலே கற்றுக்கொடுக்க முடியாது. இரவு முழுக்க ஓடிய பிறகு, துதிக்கை வைத்த லையை இயந்திரம் லை என்றே படித்தது. ணைக்கும் னைக்கும் இன்னும் தடுமாறுகிறது. மங்கிய அச்சில் அந்த ஒரு சுழி நமக்கே தெரிவதில்லை. இப்போ அவர் பக்கம் பக்கமாக மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார். போன வாரம் கேட்டபோது நூற்றுப்பத்தாவது பக்கத்தில் இருந்தார்.